பிரஷர் மாத்திரையில் எதை முதலில் நிறுத்துவது?

அக்காவுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாவது நாள். காலையில் சாமி மாடத்தின் முன் குனிந்து விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தவள், "தம்பி, கண்ணை இருட்டுதுடா" என்றபடியே குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். நாற்காலியில் உட்காரவைத்து பிரஷர் பார்த்தேன். மேலே 98, கீழே 62. சற்றுப் பொறுத்து, நான் தோளைப் பிடித்துக்கொள்ள, மெல்ல எழுந்து நின்றாள். இரண்டாவது நிமிடத்தில் மேல் எண் 76. மேசைமேல் ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி. அன்றைய அறை காலி. ஆறு வருடமாகப் போட்டுவரும் மூன்று பிரஷர் மாத்திரைகளையும் வழக்கம்போல் விழுங்கியிருந்தாள்: அம்லோடிபின் 10, லோசார்டன் 100, ஹைட்ரோகுளோரோதயசைடு 25.

வீடு திரும்பும்போது மருத்துவமனையில் கொடுத்த தாளில் காயத்தைப் பற்றி அரைப் பக்கம், திரவ உணவைப் பற்றி இரண்டு பக்கம், மாத்திரையைப் பற்றி ஒரே வரி: வழக்கமான மருந்துகளைத் தொடரவும். அந்த ஒரு வரியை விட்டால் வேறு வழிகளும் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஒன்றரை வருடத்தில் ஏறக்குறைய எல்லா வழியையும் பார்த்துவிட்டோம். அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடவேண்டாம். மருத்துவர் முன் உட்காரும்போது என்ன கேட்பது என்பதற்குத்தான் இது.

முதல் வழி, எதையும் தொடாமல் மூன்றாம் மாதப் பரிசோதனை வரை அப்படியே போடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எடை குறைந்தால்தானே பிரஷர் குறையும், எடை குறைய மாதக்கணக்கு ஆகுமே என்று நாங்களும் நினைத்தோம். ஆனால் உடம்பு அப்படிக் காத்திருப்பதில்லை. அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரத்திலேயே சாப்பாடு நாளுக்குச் சில நூறு கலோரிக்கு இறங்கிவிடுகிறது. உணவோடு உப்பும் போய்விடுகிறது. இன்சுலின் அளவு இறங்கும்போது சிறுநீரகம் பிடித்து வைத்திருந்த உப்பையும் நீரையும் வெளியே விடுகிறது. கூடவே, மடக்கு மடக்காகக் குடிப்பதால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரை எட்டுவதே பெரும்பாடு. ஆக, தராசில் நாலு கிலோதான் குறைந்திருக்கும், பிரஷரோ அதற்குள் இரண்டு படி இறங்கியிருக்கும். அதன் மேல் மூன்று மாத்திரையும் விழுந்தால் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே ஒரு மாத்திரை, அதுவும் சின்ன அளவில் போடுகிறவர், பிரஷரும் 140-ஐ ஒட்டி நிற்கிறது என்றால் இந்த வழி ஓடலாம். மூன்று போடுகிறவருக்கு இது வழியே இல்லை என்பது என் கருத்து.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். அறுவை சிகிச்சை அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்துவது. அக்காவோடு வேலை செய்யும் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. "ஒரே நாளில் எல்லா மாத்திரையும் குப்பைக்குப் போயிடுச்சு" என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அக்காவுக்கு ஆசையே வந்தது. அவருக்கு இருந்தது அம்லோடிபின் 5 மட்டும். வேறு நோய் கிடையாது. அவருக்குப் பொருந்தியது.

எல்லோருக்கும் பொருந்தாததற்குக் காரணம், பிரஷர் மாத்திரை என்ற பெயரில் இருப்பவை எல்லாம் பிரஷருக்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை. அட்டெனலால், பிசோப்ரலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகையைத் திடீரென நிறுத்தினால் இதயம் படபடத்து ஓடும். இதய ரத்தக்குழாய் அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சுவலியே வரலாம். அவற்றைப் படிப்படியாகத்தான் இறக்கவேண்டும். லோசார்டன், வல்சார்டன், எனலாப்ரில் வகையை, இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போகாமல் தடுக்கவும் கொடுப்பார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் அது வேறு வேலை செய்கிறது. பிரஷர் சரியாகிவிட்டது என்று அதைத் தூக்கி எறிந்தால், பிரஷர் கருவி எதுவும் சொல்லாது. கிட்னி மெதுவாகச் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. பிரஷர் ஏறினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, இறங்கினால்தான் தலை சுற்றும். அதனால் நிறுத்தியவர் நன்றாகத்தான் உணர்வார். அந்த நன்றாக இருக்கிறேன் என்பதை நம்பி ஆறு மாதம் பிரஷர் பார்க்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

நாங்கள் போனது மூன்றாவது வழி: எண்ணைப் பார்த்து, ஒவ்வொன்றாக, எது முதலில் என்று தீர்மானித்துக் குறைப்பது. இதில்தான் விஷயமே இருக்கிறது. எத்தனை மாத்திரை குறைந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த மாத்திரை என்று யாரும் கேட்பதில்லை.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனோம். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் சற்று ஏறியிருந்தது. மருத்துவர் முதலில் கையை வைத்தது ஹைட்ரோகுளோரோதயசைடில், அதாவது நீர் பிரியும் மாத்திரையில். காரணம் எளிது. குடிக்கும் தண்ணீரே போதாத உடம்பிலிருந்து இன்னும் நீரையும் பொட்டாசியத்தையும் அது வெளியே தள்ளுகிறது. யூரிக் அமிலத்தையும் ஏற்றும். எடை வேகமாகக் குறையும் நாட்களில் கௌட் எனும் மூட்டு வலி கிளம்ப அதுவும் ஒரு சாக்கு. எனவே நீர் மாத்திரைதான் முதலில் வெளியேற வேண்டியது. இதை அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசி வைத்திருந்தால் அந்த ஒன்பதாவது நாள் வந்திருக்காது.

அடுத்தது லோசார்டன். நீர் வற்றிய உடம்பில் அது கிட்னியைத் திணறவைக்கும். ஆகவே தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார். தற்காலிகம் என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார், ஏனென்றால் அக்காவுக்குச் சிறுநீரில் புரதம் உண்டு. இதே இடத்தில் வலி மாத்திரையைப் பற்றியும் எச்சரித்தார். லோசார்டன், நீர் மாத்திரை, டைக்ளோஃபெனக் போன்ற வலி மாத்திரை மூன்றும் ஒன்றுசேர்ந்தால் கிட்னிக்கு ஆகவே ஆகாது. வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றும். ஸ்லீவுக்குப் பதில் பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்தவர்களுக்கு இரைப்பையில் புண்ணையும் உண்டாக்கும்.

அம்லோடிபினை 10-லிருந்து 5 ஆக்கினார். கணுக்கால் வீக்கம் தருவது அதுதான், அதனால் அக்கா அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். "இது தண்ணீர் வற்றியிருந்தாலும் கிட்னியைத் தொந்தரவு செய்யாது. முதல் மாதத்துக்கு இதுதான் உங்களுக்குத் துணை" என்றார் மருத்துவர். ஆக, நோயாளி வெறுக்கும் மாத்திரையும் மருத்துவர் முதலில் எடுக்கும் மாத்திரையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

நாலாவது வாரம் தண்ணீர் ஒன்றரை லிட்டரைத் தாண்டியது, கிரியாட்டினின் பழைய இடத்துக்கு வந்தது. லோசார்டன் 50 ஆகத் திரும்பி வந்தது. மாத்திரை குறைக்கும் கதையில் ஒரு மாத்திரை திரும்பி வந்ததும் அக்கா முகம் வாடிப்போனது. பத்தாவது வாரம் அம்லோடிபின் போனது. இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: அம்லோடிபின் ரத்தத்தைவிட்டு மெதுவாகத்தான் போகும், ஒரு வாரம் கூட ஆகலாம். நிறுத்திய மறுநாள் 112 என்று பார்த்துவிட்டு வெற்றி என்று குதிக்கக்கூடாது. அக்காவுக்கு ஏழாம் நாள்தான் உண்மையான எண் வந்தது: 121/77. அதனால்தான் ஒரு மாத்திரையை எடுத்துவிட்டுக் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து அடுத்ததைத் தொடவேண்டும். ஒன்பதாவது நாள் மூன்றிலும் கை வைத்தது அவசரத்துக்காக. மற்ற நாட்களில் ஒரே நேரத்தில் இரண்டை எடுத்தால் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது.

மூன்றையும் எடுக்காமல் மூன்றின் அளவையும் பாதியாக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் பெட்டியில் மூன்று மாத்திரையும் அப்படியேதான் இருக்கும், நீர் மாத்திரையின் தொந்தரவும் பாதி மிச்சமிருக்கும். தவிர, எல்லா மாத்திரையையும் உடைக்க முடியாது. நிஃபெடிபின் போல மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால் மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். பைபாஸ் செய்த குடலில் அந்த வகை முழுதாகப் போட்டாலும் எப்படிச் சேரும் என்பது கேள்விதான். அறுவை சிகிச்சைக்கு முன்பே சாதாரண வகைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இந்த மூன்றாவது வழி முழுக்க வீட்டில் எடுக்கும் எண்ணை நம்பி நிற்கிறது. அந்த எண் பொய் சொன்னால்? எங்கள் வீட்டில் பொய் சொன்னது, அது ஐந்தாம் மாதம்தான் தெரிந்தது. அக்காவின் மேல்கைச் சுற்றளவு அறுவை சிகிச்சைக்கு முன் 37 சென்டிமீட்டர். கருவியோடு பெரிய கைப்பட்டை வாங்கியிருந்தோம், 32 முதல் 42 வரை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஐந்தாம் மாதம் பலதுறை மருந்தகத்தில் (சிங்கப்பூர் அரசின் பாலிகிளினிக்) தாதி சாதாரணப் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது 128 வந்தது. காலையில் வீட்டில் 117. அளவு நாடாவை எடுத்துச் சுற்றினால் கை 30. கை இளைத்துவிட்டது, பட்டை அப்படியே இருக்கிறது. பெரிய பட்டையைச் சிறிய கையில் கட்டினால் எண் குறைத்துக் காட்டும். சிறிய பட்டையைப் பருத்த கையில் கட்டினால் ஏற்றிக் காட்டும். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர் எல்லோரும் சிக்கிக்கொள்ளக்கூடிய பொறி இது, எந்தத் தாளிலும் எழுதிக் கொடுத்து நான் பார்க்கவில்லை. சட்டை அளவு மாறும்போதெல்லாம் கையையும் அளந்துவிடுங்கள்.

மற்றபடி அளக்கும் முறை தெரிந்ததுதான்: காலையில் மாத்திரைக்கு முன், கோப்பிக்கு முன், கழிவறைக்குப் போய்விட்டு வந்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. மாலையிலும் அப்படியே. ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாமல் ஒரு வாரச் சராசரியைப் பார்க்கவேண்டும். வீட்டில் 135/85 என்பது மருந்தகத்தில் 140/90-க்குச் சமம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அதைவிடக் கீழே வைக்கவே மருத்துவர்கள் விரும்புவார்கள். எங்களுக்கு மருத்துவர் போட்டுக்கொடுத்த கோடு இது: மேல் எண் மூன்று நாள் தொடர்ந்து 110-க்குக் கீழே போனாலோ, எழுந்து நின்றதும் 20 இறங்கினாலோ, அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அழைக்கவேண்டும். தலைசுற்றல் எல்லாமே பிரஷர் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கேசரி சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அக்காவுக்கு வியர்த்துக் கொட்டிப் படபடத்தது. பிரஷர் 124. இனிப்பு குடலுக்குள் சட்டென்று இறங்கியதன் வேலை அது.

யாரிடம் போய் இதைச் செய்வது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. அறுவை சிகிச்சைக் குழுவுக்கு இந்த விஷயம் கைவந்தது, ஆனால் அவர்களைப் பார்ப்பது இரண்டாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று இடைவெளிவிட்டுத்தான். பலதுறை மருந்தகத்தில் மருந்து மலிவு, நாட்பட்ட நோய்க்கு மெடிசேவும் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பயன்படும், பரிசோதனை எல்லாம் ஒரே இடம். ஆனால் நாலு மாதத்துக்கு மொத்தமாக எழுதிக் கொடுக்கும் பழக்கம் இந்த முதல் மூன்று மாதத்துக்குச் சரிப்படாது. எங்களுக்கு இரண்டாம் மாதம் வீட்டு வாசலுக்கே ஒரு மருந்துப் பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் பழைய மூன்றும் பழைய அளவிலேயே! முன்கூட்டிப் பதிந்த ஆர்டர், யாரும் ரத்து செய்யவில்லை, நாங்களும்தான். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் குடும்ப மருத்துவரிடம் பத்து நாளுக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். 2023-இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒருவரிடம் பதிந்திருந்தால் இன்னும் வசதி. நாங்கள் கடைசியில் செய்தது, முதல் மூன்று மாதம் அறுவை சிகிச்சைக் குழுவின் தாதியைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் எண்ணைக் காட்டுவது, அதன்பின் பலதுறை மருந்தகம். எங்கே போனாலும் ஒரு தாளில் தேதி போட்டு, நிறுத்தியது எது, யார் நிறுத்தினார், ஏன் என்று எழுதிக் கொண்டுபோனோம். அந்தத் தாள் செய்த வேலையைக் கணினி செய்யவில்லை.

தைப்பூசம் பதினாலாவது வாரத்தில் வந்தது. பால்குடம் எடுக்கவேண்டும் என்று அக்காவுக்குப் பல வருட நேர்த்தி. சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலோடு, நம்மூர் வெயிலில். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிகாலையில் கிளம்பச் சொன்னார், விரதம் என்றாலும் தண்ணீரை விடக்கூடாது என்றார், அன்று காலை லோசார்டனைத் தள்ளிப்போட்டு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்து முடித்தபின் போடச் சொன்னார். வாந்தி, பேதி வரும் நாட்களுக்கும் அதே விதிதான் என்றார். டேங்க் ரோட்டில் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது மட்டும் நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

சரி, கடைசியில் எத்தனை மிஞ்சும்? பிரேசிலில் கேட்வே என்ற ஆய்வில், குறைந்தது இரண்டு பிரஷர் மாத்திரை போடும் 100 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு பைபாஸ் அறுவை சிகிச்சையும் மருந்தும், மறு பாதிக்கு மருந்து மட்டும் என்று பிரித்தார்கள். ஒரு வருடத்தில், பிரஷரையும் கட்டுக்குள் வைத்து மாத்திரையையும் 30 விழுக்காடு அல்லது அதற்குமேல் குறைக்க முடிந்தது அறுவை சிகிச்சை செய்தவர்களில் சுமார் 84 விழுக்காட்டினருக்கு, மற்றவர்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு. ஐந்து வருடம் கழித்தும் 81-க்கு 14 என்று நின்றது. ஆனால் மாத்திரையே இல்லாமல் சரியாக இருந்தவர்கள் அந்த ஐந்தாம் வருடத்தில் ஏறக்குறைய 47 விழுக்காடுதான். குறைப்பது பெரும்பாலோருக்குக் கைகூடும், நிறுத்துவது பாதிப் பேருக்கு. சுவீடனில் நடந்த பழைய பெரிய ஆய்வு இதைவிடக் கறாரானது. இரண்டாம் வருடம் 34 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் நீங்கியிருந்தது, பத்தாம் வருடம் அது 19 ஆகிவிட்டது. அங்கே செய்த அறுவை சிகிச்சைகள் பெரும்பாலும் இன்று வழக்கொழிந்த வகை, அதையும் சொல்லவேண்டும்.

எனவே பூஜ்யம் என்பதை இலக்காக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சின்ன மாத்திரை போட்டு 122/76-இல் இருப்பதும், மாத்திரை இல்லாமல் 138-இல் இழுபறியாக நிற்பதும் ஒன்றல்ல. அக்காவுக்கு மிஞ்சியது லோசார்டன் 50. அது பிரஷருக்கு என்பதைவிடக் கிட்னிக்கு. இதை அவளுக்குப் புரியவைக்க ஒரு வருடம் ஆனது. ஒரு மாத்திரை மிஞ்சியதால் அறுவை சிகிச்சையே பாதி தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பதினெட்டாம் மாதம். 27 கிலோ குறைந்து, அதில் 3 திரும்பி வந்திருக்கிறது. சரியான பட்டையில் வாரச் சராசரி 136/84. மருத்துவர் அம்லோடிபின் 5-ஐத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார், இல்லையென்றால் மூன்று மாதம் உப்பைப் பிடித்துப் பார்க்கலாம் என்றார். 2022 ஆய்வின்படி சிங்கப்பூரர் ஒரு நாளில் சராசரியாக உண்ணும் சோடியம் 3,620 மில்லிகிராம், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ 2,000. முதல் வருடம் அக்காவால் காப்பிக் கடை மீன் சூப்பில் நாலு கரண்டிக்கு மேல் குடிக்க முடியாது. இப்போது கிண்ணம் காலியாகிறது. இருமலுக்கு யாரோ கொடுத்த அதிமதுரக் கஷாயத்தையும் ஒரு மாதமாகக் குடித்திருக்கிறாள், அதுவும் பிரஷரை ஏற்றக்கூடியது. நானாக இருந்தால் மாத்திரையை வாங்கிக்கொண்டு உப்பையும் குறைப்பேன். அவள் மூன்று மாதம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கஷாயத்தை நிறுத்தி, சூப்பைப் பாதியில் வைத்து, இரண்டாவது மாதம் ஓடுகிறது. நேற்றுக் காலை 131/82.